மீட்டர்காரர் பார்த்த நம்பர்

அந்தப் பகுதியில் பலருக்கு அவரை மீட்டர்காரர் என்றால்தான் தெரியும். முப்பத்தோரு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்துக் குறித்தவர். கேட்டைத் திறப்பார், நாயை ஒரு அதட்டு அதட்டுவார், பெட்டியை ஒரே பார்வை பார்ப்பார். அடுத்த வாசலுக்கு நடக்கும்போதுதான் எண்ணை நோட்டில் எழுதுவார். தப்பினதே இல்லை. ஓய்வு பெற்ற மறு வருஷம் பக்கவாதம் வந்து வலது பக்கத்தையும் பேச்சையும் சேர்த்து வாரிக்கொண்டு போனது. மிஞ்சியது ஒரே சொல், "போச்சு." பசித்தாலும் போச்சு, சிரிப்பு வந்தாலும் போச்சு.

கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர். கோர்ட்டில் டைப்பிஸ்ட்டாக இருந்த தங்கைதான் கூட வைத்துப் பார்த்துக்கொண்டாள். அவளிடம் பதினேழு வயதான சாம்பல் நிறக் கார் ஒன்று இருந்தது. இருக்கை தாழ்வு. அதில் ஏறி உட்காரவே அண்ணனுக்கு ஐந்து மாதப் பயிற்சி தேவைப்பட்டது. முதுகைக் காட்டி உட்கார்ந்து, இடது கையால் கதவு விளிம்பைப் பிடித்துக்கொள்வார். அவள் கால்களைத் தூக்கி உள்ளே வைப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், பிசியோதெரபி முடிந்து, ஆஸ்பத்திரி வளாகத்தில் நிறுத்தியிருந்த காரில் அவரைச் சாய்த்து உட்காரவைத்துவிட்டு மருந்து வாங்கப் போனாள். பத்து நிமிஷம்கூட இருக்காது. திரும்பி வந்தபோது அண்ணன் பக்கத்துக் கதவு உள்வாங்கிக் கிடந்தது. சைடு கண்ணாடி தரையில். அண்ணன் வெளிறிப்போய், "போச்சு, போச்சு" என்றார்.

"ரிவர்ஸ்ல வந்து இடிச்சிட்டான்மா. வெள்ளை வண்டி. நான் எட்டிப் பாக்கறதுக்குள்ள போயிட்டான்," என்றார் காவலாளி.

கதவு திறக்கவில்லை. டிரைவர் பக்கம் வழியாக அவரை வெளியே கொண்டுவர மூன்று பேர் வேண்டியிருந்தது. நர்ஸ் தலையையும் காலையும் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லைமா, பயந்துட்டாரு, அவ்வளவுதான்," என்றார்.

அடுத்த வாரம் இன்சூரன்ஸ் சர்வேயர் டிங்கரிங் பட்டறைக்கு வந்தார். கதவைத் தட்டினார், குனிந்து கதவைத் தாங்கும் தூணைப் பார்த்தார், போட்டோ எடுத்தார். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வண்டி மதிப்பை விட ரிப்பேர் செலவு ஜாஸ்தி வருது மேடம். முழு நஷ்டம்னுதான் எழுதணும். கம்பெனி குடுக்கறதை வாங்கிட்டு வண்டியை விட்டுடுங்க."

"வேற வண்டியில எங்க அண்ணனால ஏற முடியாது சார்."

"எனக்குப் புரியுது. ஆனா படிவத்துல அதுக்கு இடம் இல்லையே." அவர் கெட்டவர் இல்லை. போகிற போக்கில் நின்று சொன்னார்: "இடிச்சவன் யாருன்னு தெரிஞ்சா கதையே வேற. அவன் இன்சூரன்ஸ்ல ரிப்பேரே பண்ணிடலாம்."

இடித்தவன் யாரென்று தெரிந்தவர் ஒருவர் வீட்டிலேயே இருந்தார். அவள் வீட்டுக்கு வந்து கேட்டாள். "அண்ணா, நம்பரைப் பாத்தியா?"

அவர் தலையை வேகமாக ஆட்டினார். வாயைத் திறந்தார். "போச்சு." மறுபடி திறந்தார். அதே சொல். பேனாவை இடது கையில் கொடுத்தாள்; கோழி கிண்டினது போல வந்தது. அவர் காகிதத்தைத் தட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

காலையில் சமையலறையில் நின்றபோது அவளுக்குப் பொறி தட்டியது. பூஜ்யத்திலிருந்து வரிசையாக நான் சொன்னால்? சரியான எண் வரும்போது அவர் என் விரலை அழுத்தினால் போதுமே!

இருபத்தாறு வருஷமாக அடுத்தவர் வாக்குமூலத்தை டைப் அடித்தவள் அவள். சாட்சியின் வாயில் வார்த்தையை ஊட்டக்கூடாது என்பது ரத்தத்தில் ஊறிய விஷயம். அதனால் அவர் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி, ஒரே குரலில் எண்ணினாள். நான்கில் அழுத்தினார். அடுத்ததற்கு ஒன்று. பிறகு ஏழு. கடைசி எண்ணில் மட்டும் ஆறா ஒன்பதா என்று தடுமாறினார். சாயங்காலம் வேலையிலிருந்து வந்து மறுபடி கேட்டாள். மறுநாளும் கேட்டாள். இரண்டு தடவையும் ஒரு தயக்கமும் இல்லாமல் நான்கு, ஒன்று, ஏழு, ஒன்பது.

காவல் நிலைய எழுத்தர் அந்தச் சீட்டையும் சக்கர நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பேசவே வராதவர் எப்படிம்மா சாட்சி சொல்லுவாரு? நீங்களா எழுதிட்டு வந்திருந்தா?"

"பேச வராதுன்னுதான் சொன்னேன். கண்ணு தெரியாதுன்னு சொல்லலையே. நான் வெளியே போறேன் சார், நீங்களே கேட்டுப் பாருங்க."

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே எழுத்தர் காகிதத்தில் ஏதோ ஒரு எண்ணை எழுதிக் காட்டி மடக்கி வைப்பது ஜன்னல் வழியே தெரிந்தது. கூச்சத்தோடு கையை நீட்டி எண்ண ஆரம்பித்தார். அண்ணன் தோற்றுவிட்டால் வண்டி போவதுகூடப் பெரிதில்லை; இவர்கள் முன்னால் அவர் முகம் எப்படி ஆகும் என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் எழுத்தரே வெளியே வந்தார். "ஆறு இலக்கம் குடுத்தேன்மா. ஒண்ணுகூட விடலை," என்றார் மெதுவாக. உள்ளே போய், "சார், நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்," என்று பேனாவை எடுத்தார். பேச்சு போன இந்தப் பதினோரு மாதத்தில் அண்ணனிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

அந்த நான்கு எண்ணோடு முடிகிற வெள்ளைக் கார் அந்த வட்டாரத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சொந்தக்காரர் ஒரு வங்கி அதிகாரி. பின் பம்பரில் சாம்பல் நிறப் பெயின்ட் இன்னும் ஒட்டியிருந்தது. மறுக்க வழியில்லாமல் ஒப்புக்கொண்டார். பட்டறைக்கே வந்து தலை குனிந்து நின்றார்.

"சீட் சாஞ்சிருந்ததுங்க. உள்ள யாரும் இல்லைன்னு நெனச்சிட்டேன்."

"இருந்தாரு," என்றாள் அவள்.

டிங்கரிங்காரர் பழைய வண்டிகளை உடைக்கிற இடத்தில் அதே மாடலின் நீலக் கதவு ஒன்றைத் தேடிப் பிடித்தார். தூணை இழுத்து நிமிர்த்தி, கதவை மாட்டி, நூறு தடவையாவது திறந்து மூடிப் பார்த்துவிட்டுத்தான் பெயின்ட் அடித்தார்.

எண்ணுக்கு வழி கிடைத்தது போல எழுத்துக்கும் கிடைக்காதா என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தாள். "என்ன வேணும்னாலும் சொல்லுண்ணா," என்று முதலில் க, ங, ச என்று மெய் வரிசையைச் சொன்னாள், பிறகு அதற்கான உயிரை. வ-வில் அழுத்தினார். அ. அடுத்தது ல. இ.

வலி.

"எங்கண்ணா?"

அவர் தாடையால் தன் இடது தோளைக் காட்டினார். கதவு வந்து மோதிய பக்கம். இத்தனை நாளும் அவள் விரலை அழுத்திய கையின் தோள்.

எக்ஸ்ரேயில் காறை எலும்பில் கீறல் இருந்தது. டாக்டர் கழுத்திலிருந்து துணி கட்டிக் கையைத் தொங்கவிட்டார். மறுநாள் அவள் லீவு போட்டுவிட்டு இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குப் போனாள். காயம் என்ற இடத்தில் "இல்லை" என்று அவளே எழுதிக் கொடுத்த படிவத்தை வாங்கி அந்தச் சொல்லை அடித்தாள். பக்கத்தில் திருத்தி எழுதிக் கையெழுத்துப் போடும்போது கண்ணீர் மறைத்தது.

"யாரு சொன்னதா போடணும் மேடம்?" என்று குமாஸ்தா கேட்டார்.

"அவரே சொன்னாரு," என்றாள்.