பாராடாங்குக்கு வந்த பத்மஸ்ரீ

விருது வாங்குகிறவரை நாடே பார்க்கும். அவருடைய பெட்டி எந்த விமானத்தில் ஏறியது என்று தேடி அலைகிற புரோட்டோகால் பிரிவு குமாஸ்தாவை யாரும் பார்ப்பதில்லை.

அந்தக் குமாஸ்தா நான்தான். வீடு பாம்பூஃப்ளாட்டில், ஆபீஸ் கடலுக்கு அந்தப் பக்கம் போர்ட் பிளேரில். ஊருக்குப் புதுப் பெயர் வைத்தாயிற்று, என் நாக்குக்குத்தான் இன்னும் உத்தரவு வந்து சேரவில்லை. அமைச்சர் வந்தால் பூச்செண்டு, நீதிபதி வந்தால் கார், இரண்டு பேரும் வராமல் போனால் அந்தப் பூச்செண்டுக்கும் காருக்கும் விளக்கம்: இதுதான் என் உத்தியோகம். கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்குத் துணையாக அனுப்பப்பட்டு, நேரத்துக்குச் சாப்பாடும் கிடைக்காமல், ஒரு போட்டோவிலும் விழாமல் வீடு திரும்பியவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். எங்கள் தீவுக்காரர் ஒருவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்த கதை உங்களுக்குத்தான் சரியாகப் புரியும்.

பந்தி நேரத்தில் வந்த போன்

பத்ம விருதை அறிவிக்கும் முன் டெல்லியிலிருந்து போன் செய்து, "ஏற்றுக்கொள்கிறீர்களா?" என்று கேட்பார்கள். பாராடாங் முத்துலட்சுமி அக்காவுக்கும் அப்படித்தான் போன் வந்தது. அவர், "ஓடிபி எல்லாம் சொல்ல மாட்டேன், வேற ஆளப் பாரு" என்று ஹிந்தியில் சொல்லி வைத்துவிட்டார். திரும்பத் திரும்ப வந்த போனையும் வைத்துவிட்டார். எங்கள் சூப்பரின்டென்டென்ட் ராவ் சார் ஆபீஸ் போகும் ஃபெர்ரியிலேயே என்னைப் பிடித்து, நேரில் போய்ப் புரியவைக்கச் சொன்னார். விஷயம் பரம ரகசியம், யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்றும் சொன்னார். எஞ்சின் சத்தத்தில் அவர் கத்திச் சொன்னதைப் பாதி ஃபெர்ரி கேட்டது.

பாராடாங்கிலிருந்து போர்ட் பிளேருக்கு வர ஜாரவா பழங்குடியினரின் காட்டைக் கடக்க வேண்டும். அங்கே வண்டிகள் நினைத்த நேரத்தில் போக முடியாது. குறித்த நேரத்தில், போலீஸ் காவலோடு, வரிசையாகத்தான் விடுவார்கள். அதைத்தான் கான்வாய் என்கிறோம். கடைசி கான்வாய் போய்விட்டால் விடியும்வரை பாராடாங்கில் கிடக்க வேண்டியதுதான். வடக்கே ரங்கத்திலிருந்தும் மாயாபந்தரிலிருந்தும் பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிற நோயாளிகளும் அவர்களுடைய உறவினர்களும் அப்படி மாட்டிக்கொள்வார்கள். அவர்களுக்குப் படகு ஜெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை, படுக்கப் பாய், வெந்நீர், சோறு, மீன் குழம்பு. பல வருஷமாக அக்கா செய்துவரும் காரியம் இது. நான் விருதைப் பற்றிச் சொன்னதும் கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டார். அழுவார், கும்பிடுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் சொன்னது இது: "சரி மேடம், வாங்கிக்கிறேன். ஆனா பந்தி நேரத்துல போன் பண்ண வேணாம்னு டெல்லியில சொல்லிருங்க."

மாட்டிக்கொண்ட மாலைகள்

அறிவிப்பு வந்த மறுநாள் பாராடாங் கொள்ளாத கூட்டம். சங்கத்துக்கு ஒரு சால்வை, சால்வைக்கு ஒரு பேச்சு. அக்கா சால்வைகளை ஒவ்வொன்றாக மடித்துப் பாய்களின்மேல் அடுக்கினார்; அன்று ராத்திரியே அவை நோயாளிகளுக்குப் போர்வையாகிவிட்டன. பேச்சாளர்கள் ஒருவரை ஒருவர் மிஞ்சிப் பேசிக்கொண்டிருந்ததில் கடைசி கான்வாய் போய்விட்டது. பிறகென்ன, எல்லோரும் வரிசையாகப் பாயில் உட்கார்ந்தோம்.

அக்கா ஒற்றை ஆளாகப் பரிமாறினார். வழக்கமாகக் கூட நிற்கும் அனிமா தீதியைக் காணோம். குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தது. எங்கே தீதி என்று கேட்டதற்கு அக்கா எனக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தார். எனக்கு மனசு என்னவோ செய்தது. பக்கத்தில் இருந்த ரோடு கான்ட்ராக்டர் மட்டும் சந்தோஷமாகக் குழம்பைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "வாழ்த்திப் பேச வந்தேம்மா, பேசி முடிக்கறதுக்குள்ள பயனாளி ஆயிட்டேன்."

துணைக்கு ஒருவர்

விருது வாங்குகிறவரோடு ஒருவர் அரசுச் செலவில் டெல்லி வரலாம். "அனிமா" என்று அக்கா உடனே சொன்னார். சொல்லிவிட்டு, "நான் கூப்பிட்டா வரமாட்டேங்கிறா, நீங்க கேட்டுப் பாருங்க" என்றார். அப்புறம்தான் முழு விஷயமும் தெரிந்தது.

அனிமா தீதி வங்காளக் குடியேறிகள் வீட்டுப் பெண்; தீதி என்றால் அவர்கள் மொழியில் அக்கா. காய்ச்சலில் துடித்த புருஷனை ஜீப்பில் போட்டு அவர் ரங்கத்திலிருந்து வந்தபோது கடைசி கான்வாய் போயிருந்தது. அன்று ஜெட்டியில் டீக்கடை வைத்திருந்த அக்காதான் விடியும்வரை கூட உட்கார்ந்திருந்தார். விடிந்தபோது புருஷன் இல்லை. காரியங்கள் முடிந்ததும் தீதி பாராடாங்குக்கே திரும்பி வந்தார். இனி இங்கே மாட்டிக்கொள்கிற யாரும் தனியாக உட்காரக் கூடாது என்று இரண்டு பேரும் சேர்ந்து மூட்டிய அடுப்புதான் அது. ஆனால் கடை போர்டில் இருந்தது முத்துலட்சுமி என்ற பெயர். சிபாரிசு எழுதியவர்கள் போர்டைப் பார்த்து எழுதிவிட்டார்கள். பேப்பரிலும் டிவியிலும் அந்த ஒரே பெயர்தான். அன்றிலிருந்து தீதி கொட்டகைப் பக்கம் வரவில்லை. "அவ இல்லாம இந்த அடுப்ப நான் எப்படி நடத்துவேன்? ஒரு விருதக் குடுத்து என் அனிமாவ வாங்கிட்டுப் போயிட்டாக" என்று அக்கா என்னிடம் அழுதார். நான் தீதியின் வீட்டுக்குப் போனேன். டீ கொடுத்தார், பிஸ்கட் கொடுத்தார், நான் சொன்னதையெல்லாம் கேட்டார். கடைசியில் எங்கள் தீவு ஹிந்தியில் அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "பேரு அவளோடது, அவளே போகட்டும். கூடப் போறதுக்கு நான் என்ன அவ பெட்டியா?"

ஒத்திகை

ஆகவே அக்காவின் மகன் செல்வம் துணைக்கு வந்தான். டெல்லியில் விழாவுக்கு முதல் நாள் ஒத்திகை. பெயர் சொன்னதும் எழ வேண்டும், நடக்க வேண்டும், குறிப்பிட்ட இடத்தில் நின்று கும்பிட வேண்டும், வாங்கிக்கொண்டு கேமராவைப் பார்க்க வேண்டும். ஆடுகிற ஃபெர்ரியில் அண்டாவோடு நடந்து பழகியவருக்கு அந்தக் கம்பளம் ஒரு பொருட்டே இல்லை. நானும் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

அப்போதுதான் செல்வம் விழாக் கையேட்டில் அம்மாவைப் பற்றிய பத்தியை ஹிந்தியில் சத்தமாகப் படித்தான். 'அகேலே' என்ற சொல் வந்தது. தனி ஒருவராக. அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதை மாற்றினால்தான் எழுவேன் என்றார். பொறுப்பிலிருந்த இளம் அதிகாரி தன்மையாகப் பேசினார், அச்சாகிவிட்டதே அம்மா என்று கையைப் பிசைந்தார். என் நிலைமையை யோசித்துப் பாருங்கள்: இவர் எழாவிட்டால் நான் ஊர் திரும்பி ராவ் சாரின் முகத்தில் விழிக்க முடியாது. ஆனால் அக்கா சொன்னதில் என்ன தப்பு என்றும் எனக்குத் தெரியவில்லை. கெஞ்சிக் கூத்தாடி எழுப்பியபோது அவர் என்னிடம் கேட்டார்: "அண்டாவுக்கு ரெண்டு பக்கமும் வளையம் எதுக்கு மேடம் வச்சிருக்கு? ஒத்தையில எறக்குறதுக்கா?"

பெட்டிக்குள்

மறுநாள் நல்லபடியாக நடந்தது. குமாஸ்தாவுக்கு மண்டபத்தில் இடம் ஏது, நான் வெளியே டிவியில் பார்த்தேன். அக்கா ஒரு பிழையும் இல்லாமல் நடந்தார், கும்பிட்டார், வாங்கினார். சிரிக்க மட்டும் இல்லை.

அறைக்கு வந்து பெட்டியைத் திறந்தார். உள்ளே பதக்கம். அதன் பக்கத்தில் அதே போல, கொஞ்சம் சின்னதாக இன்னொன்று. அக்கா வெகுநேரம் பார்த்தார். பிறகு முகம் முழுக்கச் சிரித்து, "ரெண்டு குடுத்துருக்காக" என்றார். "புத்தகத்துல தப்பா அடிச்சாலும் பெட்டியில சரியா வச்சிருக்காக பாருங்க."

சின்னது விழாக்களில் அணிந்துகொள்வதற்கான நகல். விருது வாங்குகிற எல்லோருக்கும் கொடுப்பதுதான். அந்த விதி எனக்கு மனப்பாடம். சொல்ல வாயைத் திறந்தேன். செல்வம் என்னைப் பார்த்தான். அந்த விதி கையேட்டிலும் இருந்தது, அவனும் அதைப் படித்தவன்தான். திறந்த வாயை மூடிக்கொண்டு வெளியே போய் ராவ் சாருக்குப் போன் செய்தேன். விதியைத் தவிர வேறெதுவும் பேசாத மனிதர் நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ரூல்படி அது அவங்க உபயோகத்துக்கும்மா. உபயோகிக்கட்டும்."

முதல் கான்வாய்

போர்ட் பிளேரில் வரவேற்பு வைத்திருந்தார்கள். அக்கா அதற்கு நிற்கவில்லை. மறுநாள் முதல் கான்வாயிலேயே கிளம்பினார். வீட்டில் கொண்டுபோய் விடுவது என் கடமை, நானும் போனேன். வண்டி அவர் வீட்டுக்குப் போகாமல் தீதியின் வீட்டு வாசலில் நின்றது. தீதி பின்கட்டில் மீன் நறுக்கிக்கொண்டிருந்தார். அக்கா ஒரு வார்த்தை விசாரிக்காமல் பெட்டியைத் திறந்து அவர் முன்னால் வைத்தார். "தேக், தோ தியா ஹை, ரெண்டு குடுத்துருக்காக. ரெண்டு பேருன்னு டெல்லிக்குத் தெரிஞ்சிருக்கு. எடுத்துக்க."

தீதி அரிவாள்மணையை ஓரமாகச் சாய்த்துவிட்டுக் கையைக் கழுவி, புடவையில் துடைத்தார். இரண்டையும் எடுத்துப் பார்த்தார். ஒன்று சின்னது என்பது யாருக்கும் தெரியும். அக்கா பெரியதை அவர் பக்கம் தள்ளினார். தீதி அதைத் திருப்பித் தள்ளிவிட்டுச் சின்னதை முந்தானையில் முடிந்துகொண்டார். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை, அது பாட்டுக்கு வழிந்தது. நறுக்கிய மீனைச் சட்டியில் அள்ளிக்கொண்டு எழுந்து சொன்னார்: "பெருசு உங்கிட்டயே இருக்கட்டும், அலைஞ்சது நீதானே. இன்னிக்கு எத்தன பேருக்கு உலை வைக்கணும், அதச் சொல்லு."

விதிப்புத்தகத்தில் அந்தச் சின்னப் பதக்கத்துக்கு நகல் என்றுதான் பெயர். ஆனால் பாராடாங் ஜெட்டியில் நின்று அதைச் சொல்கிற துணிச்சல் எனக்கு இல்லை, ஏனென்றால் கான்வாயைத் தவறவிட்டால் நானும் அங்கேதான் சாப்பிட்டாக வேண்டும்.