பதினாறாக மடித்த காகிதம்

காபி வந்ததும் வெர்னா அதைத் தொடமாட்டார். கைதுடைக்கும் காகிதம் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்து, உள்ளங்கையால் இரண்டு முறை நீவுவார். நான்காக மடித்து, மடிப்பின்மேல் கட்டைவிரல் நகத்தால் ஒரு இழுப்பு. திரும்பவும் நான்காக மடித்து இன்னொரு இழுப்பு. பிரித்தால் பதினாறு கட்டங்கள். காதிலிருந்து பென்சிலை எடுத்து ஏதோ ஒரு கட்டத்தில் புள்ளி வைப்பார். மூலையில் மூன்று எண்கள். அரை நிமிடம் பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பிட்டு முடித்ததும் அதே காகிதத்தால் வாயைத் துடைத்து, கசக்கிக் கூடையில் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்.

மைட்டேயின் சாப்பாட்டுக் கடையில், இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்து, நான்கு வருடம் இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கையில் ஒரு கவிதைப் புத்தகம் இருக்கும். பக்கம் திரும்பாது.

வெர்னா பிளாக்கட் எங்கள் ஊரான கோல்டர் பிளாட்டில் பள்ளிப் பேருந்து ஓட்டினார். தாமிர உருக்காலை நடந்த காலத்தில் கம்பெனி வீட்டில் பிறந்தவர். ஆலை மூடி, ஊரில் பாதி லாஸ் வேகஸுக்குப் போனபோது அவர் கணவரும் போனார். "அவருக்கு நீச்சல் குளம் வேணும்னு ஆசை, எனக்கு இல்ல" என்பதற்கு மேல் அதைப்பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

ஞாயிறானால் பழைய சுரங்கங்களைத் தேடிப் போவார். ஊரில் பத்துப் பதினைந்து பேர் அப்படிப் போகிறோம். தங்கத்துக்காக அல்ல, அதையெல்லாம் அந்தக் காலத்திலேயே சுரண்டிவிட்டார்கள். அவர்கள் விட்டுப்போன சாமான்களுக்காக: நீலக் கண்ணாடிப் புட்டி, சுரங்கத்துக்காரர்கள் தொப்பியில் மாட்டிய கார்பைடு விளக்கு, மூடியோடு கிடைத்தால் ஒரு புகையிலை டப்பா. தீயணைப்புக் கொட்டகையில் ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. செப்டம்பர் விழாவில் அந்த வருடத்தின் சிறந்த பொருளை அதில் வைப்பார்கள், கண்டெடுத்தவர் பெயர் எழுதிய அட்டையோடு. நான்கு வருடமாகப் பொருள் மாறியது, அட்டையில் வெர்னாவின் பெயர் மாறவில்லை. என் பெயர் அங்கே வரவேண்டும். அந்த ஊரில் நான் வேறெதற்கும் அவ்வளவு ஏங்கியதில்லை.

அவரிடம் ரகசியம் எதுவும் இல்லை என்பதுதான் என்னைத் தின்றது. மாவட்டத்தின் சுரங்கப் பதிவுகள் முழுக்க இணையத்தில் கிடக்கின்றன. அவர் பார்ப்பதைத்தான் நானும் பார்த்தேன், அவருடையதைவிட நல்ல கணினியில். பட்டியலை இறக்கி வரைபடத்தில் போட்டால் புள்ளி புள்ளியாக வரும். புள்ளியைத் தேடிப் போனால் புதரும் முயல் புழுக்கையும், எனக்கு முன்னால் வந்தவர்கள் தோண்டிய குழிகளும் இருக்கும்.

ஒருநாள் கடையில் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"நேத்து எந்தப் பக்கம் போனே, ராய்ஸ்?"

"பதினெட்டாம் சதுரம்."

"நட்ட நடுவுலயா?"

"புள்ளி அங்கதானே இருக்கு."

வெர்னா சிரித்துவிட்டார். "எந்தச் சதுர மைல்னு மட்டும் தெரிஞ்சா கம்ப்யூட்டர் வேற என்ன பண்ணும்? நடுவுல ஒரு புள்ளிய வெச்சுட்டுப் போயிடும். எத்தனை குழி இருந்துச்சு?"

"ஏழு."

"அதுல ரெண்டு நான் தோண்டினது, முத வருஷம். புள்ளிய விடு. உரிமை கேட்டு அந்தக் காலத்துச் சுரங்கக்காரங்க கைப்பட எழுதின பக்கம் இருக்கு பாரு, அதைப் படி."

"கவிதையே புரியுதாம், அந்தக் கிறுக்கல் புரியாதா நம்ம கவிஞருக்கு?" என்றாள் மைட்டே, சட்டியில் சொரிசோக் கறித்துண்டுகளைப் புரட்டிக்கொண்டே. கடையே சிரித்தது. வெர்னா சொன்னது சரி என்று தெரிந்ததால் அவரை இன்னும் கொஞ்சம் வெறுத்தேன்.

மற்ற ஞாயிறுகளில் யார் வந்தாலும் வண்டியில் ஏற்றிக்கொள்வார். ஆகஸ்டில் ஒரே ஒரு ஞாயிறு மட்டும் தனியாகப் போவார். "இன்னைக்கு யாரும் வேணாம்" என்பார், அவ்வளவுதான். நல்ல இடத்தைத் தனக்கென்று பதுக்கி வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். வேறென்ன நினைப்பது?

அந்த ஆகஸ்டில், காகிதத்தை மடித்துப் புள்ளி வைத்துவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவருக்குத் தொலைபேசி வந்தது. பேருந்துக் கொட்டகையில் ஏதோ அலாரம் அடிக்கிறதாம். எழுந்தவாக்கில் போய்விட்டார். காகிதம் தட்டுக்கடியில் இருந்தது. நான் நடந்துபோய் அதை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

"புதுசே தர்றேனே, ராய்ஸ்," என்றாள் மைட்டே. "அதுல முட்டை ஒட்டியிருக்கு."

மூலையிலிருந்த எண்கள் எந்தச் சதுர மைல் என்று சொல்லின, புள்ளி வைத்த கட்டம் அதில் பதினாறில் எந்தத் துண்டு என்று; அவற்றை வைத்து ஒரு வாரம் பதிவுப் பக்கங்களைத் துருவினேன். அந்தச் சதுரத்துக்கு ஒரே ஒரு கையெழுத்துப் பக்கம்தான் இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதில் எழுதியது. 'ஊற்றிலிருந்து கிழக்கே அறுநூறு அடி, வெடிமருந்து வைக்கும் கல் கொட்டகை வரை.' அடுத்த சனிக்கிழமை, நான் வேலை பார்க்கும் டயர் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் போனேன். ஊற்று வற்றியிருந்தது. கொட்டகை நின்றது. கூரை இல்லை, வாசலில் ஒரு மரத்தூண் மட்டும் பாக்கி. என் நெஞ்சு உயரத்தில் அந்தத் தூணில் செருகியிருந்தது ஒரு மெழுகுவர்த்தித் தாங்கி: முறுக்கிய இரும்புக் கம்பி, முனையில் கூர், பக்கத்தில் கொக்கி. சுரங்கத்துக்காரன் வேலை முடிந்து போகும்போது குத்திவிட்டுப் போனது, மறுநாள் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று.

எதிரே ஒரு தட்டைக் கல், உட்காரத் தோதாக. நானும் அதில் சற்று உட்கார்ந்தேன். வெர்னா ஏன் இதை எடுக்கவில்லை? பார்த்திருக்கமாட்டார் என்று முடிவு செய்துகொண்டேன். அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன்னும் பின்னும் எனக்கு வந்ததில்லை. ஆட்டி ஆட்டிப் பிடுங்கினேன். மரத்தில் சதுரமாக ஒரு ஓட்டை விழுந்தது.

விழாவில் என் பெயர் அட்டையில் ஏறியது. கைகுலுக்கினார்கள். வெர்னா கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"கொக்கி கொஞ்சம் வளைஞ்சிருக்கு," என்றார்.

"ஆமா."

"மரத்துல இருந்துச்சா, கீழ கெடந்துச்சா?"

"கீழதான். வடக்க, பழைய மில்லுப் பக்கம்."

என்னைப் பார்த்தார். "நல்ல சாமான், ராய்ஸ். பத்திரமா வெச்சுக்கோ." அவ்வளவுதான் சொன்னார். அதன்பிறகு கடையில் ஜன்னலோர மேசைக்கு மாறிக்கொண்டார், எனக்கு முதுகு காட்டி. காகிதத்தை மடிப்பது நிற்கவில்லை என்பது தோள் அசைவதில் தெரியும்.

இரண்டு வருடம் கழித்து மகளோடு இருக்க எல்கோவுக்குப் போய்விட்டார். போகுமுன், பழைய சுரங்கங்களில் தான் எடுத்த புகைப்படங்களையெல்லாம் மாவட்ட அலுவலகத்துக்குக் கொடுத்திருந்தார். அவர்கள் அவற்றை அந்தந்தச் சுரங்கத்தின் பதிவோடு இணையத்தில் சேர்த்திருந்தார்கள். போன குளிர்காலத்தில் வேறெதையோ தேடும்போது அந்தச் சதுரத்தின் பக்கத்தைத் திறந்தேன். பதினோரு படங்கள், வருடத்துக்கு ஒன்று, எல்லாம் ஆகஸ்டில் எடுத்தவை. எல்லாம் அந்தத் தட்டைக் கல்லிலிருந்து, ஒரே உயரத்தில். முதல் படத்தின் கீழே, 'தொடவில்லை. வைத்தவர் வைத்தபடி இருக்கட்டும்.' என் பெயரோடு அந்த வருடம் பெட்டிக்குள் இருந்த தாங்கி, பத்துப் படங்களில் தூணில் இருந்தது. என் ஒரே பொருளும் அவர் கண்டுபிடித்ததுதான் என்ற எரிச்சல்தான் முதலில் வந்தது, அதை மறைப்பானேன்.

பதினொன்றாவது படம் விழாவுக்கு அடுத்த வருடம் எடுத்தது. அதில் தூணும் ஓட்டையும் இருந்தன.