துண்டுப்பலகை

தெருவில் அந்தத் தச்சரைத் 'துண்டுப்பலகை' என்றுதான் கூப்பிடுவார்கள். கதவு ஜன்னல் செய்து மிஞ்சும் குட்டைப் பலகைகளை வெளியே போட அவருக்கு மனசே வராது. கஞ்சத்தனம் என்று நினைத்தால் பாவம். அவையெல்லாம் குழந்தைச் சவப்பெட்டிக்கு. ஒரு காலத்தில் மழை பிடித்தால் போதும், வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் கூடவே வரும். பிள்ளையைப் பறிகொடுத்த அப்பன் பட்டறை வாசலில் வந்து நிற்பான். பேச்சு வராது. இவ்வளவு நீளம் என்று இரண்டு கைகளையும் அகட்டிக் காட்டுவான். இவரும் டேப்பைத் தொடமாட்டார். கண்ணளவிலேயே அறுத்து, சரியாக அந்த அளவுக்குப் பெட்டி செய்து சும்மாவே கொடுப்பார்.

அப்புறம் குழாயில் நல்ல தண்ணீர் வந்தது. தடுப்பூசி போட நர்சம்மா வந்தார், பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி வந்தது. பலகை எடுப்பது குறைந்து, குவியல் கூரையை முட்டியது. நடக்க வழியில்லை என்று மனைவி நச்சரிப்பாள். இவருக்கோ அதைப் பார்க்கப் பார்க்க மனசு குளிரும். ஊர் எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால், பட்டறைக்குள் எட்டிப் பார்க்கச் சொல்வார். நர்சம்மா வீட்டு நாற்காலி ஆடினால் இவரே ஓடிப்போய்ச் சரிசெய்வார். கூலி என்று பேச்செடுத்தால் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

இந்த மழைக்கு அவர் மகளுக்குக் குறைமாதத்தில் பெண் பிறந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்தது. அவருக்குப் பெட்டி என்ற சொல்லே ஆகவில்லை. பலகைக் குவியலைக் கோணி போட்டு மூடினார். அதற்கப்புறம் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவேயில்லை.

சில வாரம் கழித்து ஒரு காலையில் இழைப்புளியிலிருந்து தலையைத் தூக்கினார். ஆஸ்பத்திரியிலிருந்து ஓடிவந்த மருமகன் வாசலில் நின்றான். மூச்சிரைப்பில் பேச்சு வரவில்லை. இரண்டு கைகளையும் அகட்டிக் காட்டினான்.

தச்சர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இவ்ளோ வளந்துட்டா மாமா," என்றான் அவன், மூச்சு வாங்கி. "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க. ஒரு தொட்டில் செஞ்சு தரணும்."

அவர் வெட்கப்படாமல் தேம்பித் தேம்பி அழுதார். டாக்டர், நர்சம்மா, தண்ணீர்க்குழாய் என்று வாயில் வந்ததற்கெல்லாம் நன்றி சொன்னார். பிறகு கோணியை இழுத்துப் போட்டுவிட்டு டேப்பை எடுத்தார்.

"கையை அப்படியே வைங்க மாப்ளே."

அளந்தார். இரண்டு குட்டைப் பலகைகளை ஒட்டவைத்து, அளந்ததைப்போல் இரண்டு மடங்கு நீளத்துக்குக் கோடு போட்டார். எதற்கு இவ்வளவு பெரிதாக என்று மருமகன் கேட்டான்.

"வளர்ற புள்ளைக்கு இடம் விட்டுத்தானே செய்யணும்," என்றார்.

அந்தப் பலகைகளில் அவர் இடம் விட்டுக் கோடு போட்டது அன்றுதான் முதல் தடவை.