பிளாஸ்டர் ஆறும் வரை

போர்க் காலத்தில் மட்டக்களப்பு நகரில் ஒரு சீனப் பல் வைத்தியரின் கடையில் வேலை செய்தேன். அவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். எங்களைப் போலவே தமிழ் பேசுவார். ஊரில் எல்லோருக்கும் அவர் சீன டொக்டர். வாயில் அச்செடுப்பது அவர் வேலை. அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி மாடல் எடுப்பது என் வேலை. மாடலின் மேல் மெழுகில் பல் அடுக்கிப் பொய்ப்பல் செட் கட்டுபவர் பெரியகல்லாற்று யோகராசா அண்ணன்.

நான் சேர்ந்த அன்றே ஒரு பல் செட் யோகராசா அண்ணன் கையிலிருந்து விழுந்து உடைந்தது. பகலிலேயே கசிப்பு என்ற கள்ளச் சாராயம் குடித்திருந்தார். குடிவெறியோடு ஆமி செக்பொயின்றில் போய் நின்றால் வீடு திரும்புவது நிச்சயமில்லாத காலம். அவர் மனைவி பின்னேரங்களில் பஸ் வரும்வரை றோட்டிலேயே நிற்பாராம். இனிக் குடிக்க மாட்டேன் என்று அண்ணன் களுதாவளைப் பிள்ளையார் முன்னால் பலமுறை சத்தியம் செய்திருந்தார். ஒவ்வொன்றும் உடைந்த வெட்கத்தில் இன்னும் கூடக் குடித்தார்.

ஒருநாள் டொக்டர் சொன்னார்: "இனிச் சத்தியம் பண்ணாதீங்க அண்ணன். நீங்க அதோட மல்லுக்கட்டுறீங்க. அந்த மல்லுக்கட்டுத்தான் அதுக்குப் பலம்."

"அப்ப என்னத்தச் செய்யிற?"

"ஒண்டும் செய்யாதீங்க. எங்கட பழைய ஆக்கள் தாவோ எண்டு சொல்லுவாங்க. வழி எண்டு அர்த்தம். தள்ளாம, இழுக்காம, போறதப் போக விடுற. நானும் குடிச்சவன்தானே. எனக்கும் சுணங்கித்தான் விளங்கினது."

யோகராசா அண்ணன் சிரித்தார். "போக விட்டா அது நேர கசிப்புக்காரன்ட வளவுக்குத்தான் போகும்."

டொக்டர் ரப்பர் கிண்ணத்தில் பிளாஸ்டர் கரைத்து அவர் கையில் கொடுத்தார். "ஆசை வந்தா இதப் பிடிச்சிற்று இரிங்க. இறுகக்குள்ள சூடேறும். நீங்க ஊதினாலும் ஊதாட்டியும் பிறகு ஆறும்."

அதன் பின் வாவிப் பக்கத்து யன்னலோரம் அண்ணன் கிண்ணத்தோடு இருப்பதைப் பல நாள் கண்டேன். தண்ணீரில் பட்ட வெயில் கூரையில் நெளியும். அவர் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். நேரம் என்று ஒன்று இல்லாதது போலிருக்கும். சில நாள் கிண்ணத்தை வைத்துவிட்டுக் குடிக்கப் போனார். மறுநாள் டொக்டர் புதிதாகக் கரைத்துக் கொடுத்தார்.

ஒரு மத்தியானம், யோகராசா அண்ணனின் தம்பி மீன் பிடிக்கப் போன தோணி ஆளில்லாமல் கரை ஒதுங்கியதாகச் செய்தி வந்தது. அண்ணன் எழுந்து கதவுக்குப் போனார். குடிக்கத்தான் போகிறார் என்று நான் மறிக்க ஓடினேன். டொக்டர் என்னைத் தடுத்து, கதவை அகலத் திறந்துவிட்டார்.

"போறதெண்டா போங்க அண்ணன். இரிக்கிறதெண்டா நாங்க பக்கத்தில இரிக்கம்."

அவர் வாசலில் நெடுநேரம் நின்றார். பிறகு திரும்பி வந்து பிளாஸ்டர் டின்னைத் திறந்தார். கரைத்தார், பிடித்திருந்தார், ஆறியதும் கட்டியைத் தட்டி மேசையில் வைத்தார், மறுபடி கரைத்தார். அழுதுகொண்டே செய்தார். ஒரு ஹெலிகொப்டர் வாவிக்கு மேலால் போய் அதன் சத்தம் தேய்ந்தது. மேசை முழுவதும் வெள்ளைக் கட்டிகள். கனவுக்குள் இருந்த மாதிரி அந்தப் பின்னேரம் கழிந்தது. கடைசி பஸ்ஸில் வெறியில்லாமல் வீட்டுக்குப் போனார்.

தம்பி திரும்பி வரவேயில்லை. அண்ணன் அதன் பிறகும் இரண்டொரு தடவை குடித்தார். பிறகு குடிக்கவில்லை.

ஒருவரை மறித்து நிறுத்துவதுதான் உதவி என்று அதுவரை நினைத்திருந்தேன். கதவைத் திறந்துவிட்டுப் பக்கத்தில் இருப்பதும் உதவிதான் என்பதை அந்தக் கடையில் கற்றேன். பல வருடங்களுக்குப் பின் யோகராசா அண்ணன் மகளின் கல்யாண வீட்டில், "எப்பிடி அண்ணன் குடிய விட்டீங்க?" என்று கேட்டேன்.

"நான் விடல்ல தங்கச்சி," என்றார். "அது போறதுக்கு வழி விட்டன்."