ஏறாத டிரைவர்

அம்மாவை வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. நைனாவும் சித்தியும் அவளுக்குத் துணையாகப் போய்விட்டதால் என்னைத் திருத்தணியில் மாமா வீட்டில் விட்டார்கள். மாமா அம்மாவின் தம்பி. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். அம்மா தினமும் போனில் பேசினாள். எனக்கு அது போதவில்லை, முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அழுதேன். மாமா வீட்டில் இருந்ததோ பட்டன் போன்.

எனக்காகத்தான் மாமா அரக்கோணத்தில் தெரிந்த பாய் ஒருவரிடமிருந்து பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கேமராவோடு கொண்டுவந்தார். நெட் லைன் இழுத்தார். இலவசமாகக் கிடைக்கிறது என்று லினக்ஸ் போட்டார். எல்லாம் வந்தது, நெட் மட்டும் வரவில்லை.

"நெட் கார்டு உள்ள இருக்கறது கம்ப்யூட்டருக்குத் தெரியுது பாப்பா. அத வேல வாங்கத்தான் தெரியல. அதுக்கு டிரைவர்னு ஒண்ணு போடணும்" என்றார் மாமா.

டிரைவர் நெட்டில் இருந்தது. நெட் வர டிரைவர் வேண்டும். இந்தச் சிக்கலை நான் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் விளக்கினேன். அவர்கள் லாரி டிரைவர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கடைசியில் மாமா ரயிலேறிப் போய், பாயிடம் சொல்லி டிரைவரைப் பென்டிரைவில் எடுத்துவந்தார். அன்று சாயங்காலம் பையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து பக்கத்தில் நின்றேன். மாமா திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "புடிக்க மாட்டேங்குது."

அது பொய். பல வருடங்கள் கழித்து, நானும் கம்ப்யூட்டர் வேலைக்குப் போன பிறகு, அவரே சொன்னார். அன்று மத்தியானமே கார்டு பிடித்துவிட்டது. நான் வருவதற்குள் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று சித்தியின் டச் போனுக்குக் கூப்பிட்டிருக்கிறார். திரையில் அக்கா வந்தாள். தலையில் ஒரு முடி இல்லை. முகம் பாதியாகியிருந்தது.

"கொழந்தைக்கு என்ன இப்டி காட்டிடாதடா. முடி மொளைக்கட்டும்" என்றாளாம் அம்மா.

மாமா அப்போதே, இந்த டிரைவரை ஏற்றாதே என்று கம்ப்யூட்டருக்குள் ஒரு வரி எழுதி வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் தினமும் என் கண்முன்னே உட்கார்ந்து ரிப்பேர் பார்த்தார். எதையாவது தட்டுவார், கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடும், உதட்டைப் பிதுக்குவார். கேபிளைப் பிடுங்கிச் செருகுவார். அத்தை காபியை வைத்துவிட்டு உள்ளே போவாள். எனக்கோ நாளுக்கு நாள் வாய் நீண்டது.

"உனுக்கு ஒண்ணுமே தெரியல மாமா. வேற ஆள கூப்புடு."

"ஆங், கூப்புடலாம்" என்பார்.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் மலையேறிக்கொண்டிருந்த அன்றுகூட, கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வந்து என்னிடம் திட்டு வாங்கினார்.

மூன்று வாரம் இப்படிப் போனது. அம்மா சாவதற்கு நான்கு நாள் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அவளே மாமாவுக்குப் போன் செய்தாள். மாமா தெருவில் நின்று வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே வந்து அந்த ஒரு வரியை அழித்தார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். நெட் வந்துவிட்டது.

அம்மா தலையில் துண்டு கட்டியிருந்தாள். குளிருதா என்று கேட்டேன்.

"ஆமா பாப்பா, இங்க ஏசி."

அதற்குமேல் நான் அவளைப் பேச விடவில்லை. கிடைத்த நேரத்தையெல்லாம் மாமாவைப் பற்றிப் புகார் சொல்லியே தீர்த்தேன். "ஒரு கார்ட புடிக்க வெக்க மூணு வாரம்மா!" என்றேன்.

அம்மா சிரித்தாள். "மாமாவ அப்டிலாம் சொல்லாத கண்ணு" என்றாள். அப்புறம், "திரும்பி நில்லு, சடைய பாக்கறேன்" என்றாள்.

அத்தை பின்னிவிட்ட சடையைக் காட்டிக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்த்தபோது திரையில் யாரும் இல்லை.

"பாத்தியா, மறுபடியும் போச்சு!" என்று மாமாமேல் பாய்ந்தேன்.

அம்மாதான் நிறுத்தினாள் என்று அவருக்குத் தெரியும். "இரு, பாக்கறேன்" என்றார். கார்டு இருக்கிறதா, டிரைவர் ஏறியிருக்கிறதா, கேபிள் சரியா என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். எல்லாமே சரியாக இருந்தது. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். அத்தை சாப்பிடக் கூப்பிட்டாள்; எழுந்திருக்கவில்லை. நான் கூப்பிட்டேன், முகத்தைத் திரையைவிட்டுத் திருப்பவே இல்லை. நான் திட்டியதில் கோபம்போல என்று நினைத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டேன்.