அத்தை காட்டிய கிள்ளான்

கிள்ளானைப் பற்றி யாராவது என்னிடம் வாயைத் திறந்தால் போதும், அப்புறம் நான் வாயை மூட மாட்டேன். இங்கே பள்ளி வேன் ஓட்டுகிறவள் நான். தெற்குக் கிள்ளான், வடக்குக் கிள்ளான், நடுவில் ஆறு, ஆற்றின் மேல் பாலம், பாலத்தின் மேல் நெரிசல் என்று பொழுது விடிந்தால் இந்த ஊரோடுதான் எனக்குச் சண்டை. பிறந்தது கோலா சிலாங்கூர் பக்கத்தில் ஒரு தோட்டத்தில். கல்யாணம் ஆகி இங்கே வந்த புதிதில் சாலையைக் கடக்கவே பயந்து நின்றவள். இப்போது லோரிக்காரர்கள் என்னிடம் குறுக்கு வழி கேட்கிறார்கள். பெருமைதான், இருக்கட்டுமே.

என் மாமியாருக்கோ கிள்ளான் என்றாலே ஆகாது. அத்தை என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அவர் இருப்பது கோலா சிலாங்கூர் போகிற வழியில், அசாம் ஜாவாவில். தோட்டத்தை விற்று, தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்தபோது கிடைத்த சின்ன வீடு. தீபாவளிக்குத் துணி எடுக்க பஸ் ஏறி வருவார், மூச்சு முட்டுகிறது என்று அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவார். அப்படிப்பட்டவர் ஒரு நாள் போன் செய்து, தனக்குக் கிள்ளானைச் சொல்லிக் கொடுக்கும்படி கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

விஷயம் இதுதான். அத்தையின் தம்பி சரக்குக் கப்பலில் வேலை செய்கிறவர். ஓய்வு பெறும் வயது. அவருடைய கடைசிப் பயணத்தில் கப்பல் இங்கே வருகிறது, ஒரு பகல் பொழுது கரை இறங்க அனுமதி கிடைத்திருக்கிறது. அத்தை கடல் கடந்து பிறந்த ஊருக்குப் போனபோதெல்லாம் தம்பி கடலில் இருந்தார். போனில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டதோடு சரி. நேரில் கடைசியாகப் பார்த்தது, அவர் அரைக்கால் சட்டையோடு அக்காவைக் கப்பல் ஏற்றிவிட வந்த அன்றுதான்.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம் அல்லவா? நான் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அத்தையோ கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம்தான் எனக்கு முழுக் கதையும் தெரிந்தது. அத்தையின் பெரியப்பா ஒருவர் அந்தக் காலத்தில் மலாயாவுக்கு ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்க வந்து, திரும்பிப் போகவே இல்லை. அதனால் தோட்டத்தில் வேலை செய்கிறவனுக்குப் பெண் கொடுப்பதில்லை என்று அத்தையின் அப்பா ஒரே பிடிவாதமாக இருந்திருக்கிறார். சம்பந்தம் பேசியவர் சும்மா இருப்பாரா? மாப்பிள்ளைக்குக் கிள்ளான் துறைமுகத்தில் கணக்கு எழுதுகிற கிராணி வேலை என்று அடித்து விட்டிருக்கிறார். கல்யாணம் இங்கேதான் என்று அத்தையைக் கப்பலில் அனுப்பிவிட்டார்கள். அத்தை கப்பலை விட்டு இறங்கினார், லோரியில் ஏற்றினார்கள். லோரி ஊரைத் தாண்டி, காப்பாரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. கடல் வாசம் போய் ரப்பர் பால் வாசம் வந்தபோதுதான் அவருக்குப் புரிந்தது.

அந்தப் பொய் என் மாமனாருக்கே தெரியாதாம். கேட்டதும் அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாராம். இதைக் கேட்டால் அப்பா தாங்க மாட்டார் என்று அத்தை ஊருக்குச் சொல்லவில்லை. தான் கிள்ளானில் இருப்பதாகவும் அவர் துறைமுகத்தில் வேலை செய்வதாகவும் சொல்லியே காலம் ஓடியது. அப்பா போய்ச் சேர்ந்தார். மாமாவும் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோராகி, ஓய்வு பெற்று, போய்ச் சேர்ந்தார். பொய் மட்டும் கல்லுக்குண்டாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதானே என்று கேட்டேன்.

"இப்ப சொன்னா என்ன நெனப்பான்? உங்க மாமாதான் பொய் சொல்லிக் கட்டிக்கிட்டாருன்னு நெனப்பான். செத்த மனுசன பொய்யன் ஆக்கச் சொல்றியா?"

ஒரு சனிக்கிழமை அவரை வேனில் உட்காரவைத்துப் பாடம் எடுத்தேன். முதலில் இந்த ஊர் ஆற்றங்கரை ஊர். ஈயம் ஆற்று வழியாகத்தான் வெளியே போகும். அந்த ஈயத்தின் வரிப் பணத்துக்காக ராஜாக்கள் அடித்துக்கொண்டார்கள், மலை மேல் கோட்டை இருந்த இடத்தையும் பழைய ஈயக் கிடங்கையும் பாருங்கள் என்றேன். பிறகு வெள்ளைக்காரன் ரயிலைக் கொண்டுவந்தான். கப்பலுக்கு ஆழம் போதாதென்று ஆற்று வாய்க்குப் போய்ப் புதிய துறைமுகம் கட்டி, அதற்கு ஒரு வெள்ளைக்காரனின் பெயரையே வைத்தான். சதுப்பு நிலம், கொசு, காய்ச்சல். கூலிகள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். மூட்டை தூக்கிய சீனர்கள் உடம்புத் தெம்புக்கு வேர் போட்டுக் கொதிக்கவைத்த பன்றிக்கறிச் சாறு இன்றைக்குக் காலை நேரத்தில் வரிசையில் நின்று சாப்பிடுகிற பண்டமாகிவிட்டது. தண்டவாளம் போட்டதும் நம் ஆட்கள், ரப்பர் மரம் நட்டதும் நம் ஆட்கள். பூக்கடையும் நகைக்கடையுமாக இருக்கிற தெரு அவர்கள் மிச்சம் வைத்தது. அரண்மனை ஒரு பக்கம், பள்ளிவாசல் ஒரு பக்கம், தேவாலயம், சீனக் கோயில், மாரியம்மன். இப்போது நேப்பாளி, வங்காளி, மியன்மார்க்காரன். துறைமுகமும் ஒன்று மூன்றாகப் பெருகி, கடைசியாக ஒரு தீவையே பிடித்துக்கொண்டது.

அத்தை கவனமாகக் கேட்டுக்கொண்டு வந்தார். கடைசியில், வந்தவன் எல்லாம் வெளியிலிருந்தே வந்திருக்கிறான், அப்படியானால் உண்மையில் யார்தான் கிள்ளான்காரன் என்று கேட்டார். அந்தப் பாலத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டு ஆரன் அடிக்கிறவன் எவனோ அவன்தான் என்றேன். அத்தை அன்றைக்குத்தான் கொஞ்சம் சிரித்தார்.

தம்பி வந்த நாளன்று தீவுத் துறைமுக வாசலில் போய் நின்றோம். நரைத்த தலையும் கறுத்த முகமுமாக ஒருவர் பையோடு வந்தார். கட்டிப்பிடித்து அழப்போகிறார்கள் என்று நான் கைக்குட்டையை எடுத்து வைத்திருந்தேன். அத்தை அவர் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டி, என்னடா இப்படித் தொப்பை வைத்திருக்கிறாய் என்றார். அவர் சிரித்துக்கொண்டே அழுதார். பள்ளிப் பிள்ளைகள் உட்காரும் இருக்கையில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, முன்னால் இருக்கிற அக்காவின் தோளிலிருந்து கையை எடுக்காமல் வந்தார்.

அத்தை ஊரைக் காட்டினார் பாருங்கள், நான் அசந்துபோனேன். கை நீட்டி நீட்டிக் காட்டினார். தீயணைப்பு நிலையத்தை ரயில் நிலையம் என்றார், நான் இருமினேன். அரண்மனையைப் பார்த்து, சுல்தான் நமக்குத் தெரிந்தவர் மாதிரி பேசினார். ராஜாக்களின் சண்டையில் வாழை இலைச் சாப்பாட்டுக் கடையையும் சேர்த்துவிட்டார். தம்பி எல்லாவற்றுக்கும் வாயைப் பிளந்தபடி தலையாட்டினார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு வண்டியை ஓட்டினேன். இப்படியே பொழுது போய்விட்டால் தப்பித்தோம் என்றுகூட நினைத்தேன்.

சாயங்காலம் பழைய துறைமுகக் கரையில் தேநீர் குடிக்க நிறுத்தினோம். அங்கேதான் தம்பி கேட்டார், மச்சான் வேலை செய்த இடம் எது என்று. அத்தை ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு, வேலிக்கு அந்தப் பக்கம் தெரிந்த பழைய கிடங்கு ஒன்றைக் காட்டினார். தம்பி தேநீரை வைத்துவிட்டு எழுந்து போனார். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தக் கிடங்கைப் பார்த்தார். காலில் இருந்த செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார்.

அத்தையால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. போய் அவர் கையைப் பிடித்து இழுத்தார். "அது இல்லடா. உங்க மச்சான் அங்க வேலை செய்யல. நாங்க தோட்டத்துலதான் இருந்தோம். அவரு மரம் வெட்டினாரு, நானும் வெட்டினேன். அவரு பொய் சொல்லலடா, பேசி முடிச்சவங்க சொன்ன பொய். எல்லாரையும் ஏமாத்தினது நான்தான்."

அவருக்குக் கோபம் வரும், அப்பா ஏமாந்ததைச் சொல்லிக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொள்ளக்கூட மறந்து அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். மச்சானைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அப்ப நீ இங்க இல்லவே இல்லையா?" என்றார். "எத்தனை தடவை இந்தப் பக்கம் போயிருக்கேன் தெரியுமா அக்கா? எறங்கத்தான் விடமாட்டாங்க. இந்த ஊரு வெளிச்சம் தெரிஞ்சா மேல்தட்டுக்கு வந்து நின்னுடுவேன். அக்கா அங்க இருக்குன்னு கை ஆட்டிக்கிட்டே நிப்பேன். கூட இருக்கிற பசங்க சிரிப்பானுங்க."

அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை, மாமா செத்த அன்றைக்குக்கூட. அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, கப்பல் இங்கிருந்து வடக்கேதானே போகும் என்று கேட்டார். ஆமாம் என்றார் தம்பி. கிள்ளான் வெளிச்சம் மறைந்த பிறகு வலது பக்கம் கரையில் என்ன தெரியும் என்று அத்தை கேட்டார்.

ஒன்றுமில்லை, இருட்டுதான் என்றார். இன்னும் கொஞ்ச தூரம் போனால் ஒரு குன்றின் மேல் கலங்கரை விளக்கு ஒன்று விட்டு விட்டு எரியும் என்றார். அது கோலா சிலாங்கூர் மலைமேல் இருக்கிற விளக்கு. அதற்குக் கீழே, ஆற்றுக்கு இந்தப் பக்கம்தான் அத்தை வேலை செய்த தோட்டமும் இப்போது இருக்கிற வீடும்.

"அங்கதான்டா நான் இருந்தேன்" என்றார் அத்தை.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அந்த வெளக்கு வந்துட்டா கிள்ளான் முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம். நான் உள்ள போய்ப் படுத்துருவேன், அக்கா."

"இன்னைக்குப் படுக்காத" என்றார் அத்தை. பிறகு என் பக்கம் திரும்பி, "இவன விட்டுட்டு நேரா எங்க வீட்டுப் பக்கம் வண்டிய எடும்மா. கப்பல் அந்தப் பக்கம் வர்றதுக்குள்ள நாம அந்த மலை மேல நிக்கணும்" என்றார்.