பன்னிரண்டாவது கட்டம்

இது கட்டிவிட்ட கதை இல்லை. 2003, ஆவணி மாதத்து ஒரு திங்கட்கிழமை, பசுமலையில் நடந்தது. சாமி விளக்கின் முன் நிற்கச் சொன்னாலும் இந்துப்ரியா இதையேதான் சொல்வாள்.

இல்லாதவர்களுக்கு மாதாமாதம் சத்துமாவு கொடுக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் அவள் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். வாங்க வேண்டியவர்களின் பட்டியலை ஊர்வாரியாக அச்சடித்துக் கொடுப்பாள். கம்ப்யூட்டரில் அந்தப் பட்டியலுக்குப் பன்னிரண்டு கட்டங்கள். பெயர், ஊர், வயது என்று தொடங்கி, கடைசியில் 'காரணம்'. முதுமை, காசநோய், எய்ட்ஸ்... அந்தக் கட்டம் ஆபீசைத் தாண்டக் கூடாது. ஆனால் 'இதை மட்டும் விட்டுவிடு' என்று கம்ப்யூட்டரிடம் சொல்ல வழியில்லை. மற்ற பதினொன்றின் பெயரையும் வரிசையாக அடிக்க வேண்டும். ஒரு நட்சத்திரக் குறி போட்டாலோ, பன்னிரண்டும் வந்துவிடும்.

முந்தைய வெள்ளிக்கிழமை, பட்டியலை ஊர்களில் ஒட்டிவிட்டு வரும் பாண்டிராஜ் அவசரப்படுத்தினார்.

"எம்புட்டு நேரம்மா? எழுமலை பஸ்ஸு என்ன எனக்கு மாமனாரா, காத்துக்கிட்டு நிக்க?"

"ஆச்சுண்ணே, இந்தாங்க."

நட்சத்திரம் போட்டாள். பார்க்காமலே கொடுத்தாள்.

திங்கள் மாலை 5.10. ஆபீசில் அவள் மட்டும். டக்கென்று கரண்ட் போனது. மின்விசிறி நின்றது. கம்ப்யூட்டரும் அணைந்திருக்க வேண்டும். அணையவில்லை...

"தாயி."

வாசலில் ஒரு பெண். முப்பது வயதிருக்கும். காலில் செருப்பில்லை. கேட் திறந்த சத்தமே கேட்கவில்லை.

"எழுமலைலருந்து வாரேன். மலையம்மாள். அந்தக் கடைசிக் கட்டத்த எடுத்துரு தாயி."

இந்துப்ரியா திரையைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை அடித்த வரி... நட்சத்திரம்.

"ஐயோ... படிச்சீங்களாக்கா?"

"எனக்கு எழுத்து தெரியாது. கூட நின்னவக சத்தமா வாசிச்சாக. எம் மக என் கையப் பிடிச்சுக்கிட்டு நின்னா."

"மன்னிச்சிருங்கக்கா..."

"எனக்கு இனி என்ன தாயி? கீழ இருக்கிற பேரையெல்லாம் இன்னும் யாரும் வாசிக்கல. அதுக்குள்ள எடுத்துரு."

5.17. அடித்தாள். பெயர். ஊர். வயது... பதினொன்று.

5.19. முடிந்தது. இரண்டே நிமிடம். வெள்ளிக்கிழமையும் அந்த இரண்டு நிமிடம் அவளிடம் இருந்தது.

பிரிண்டர் கிர்ர்... என்று ஓடியது.

கரண்ட் இல்லாமல்.

ஒரு வாய் தண்ணீராவது கொடுப்போம் என்று டம்ளரோடு திரும்பினாள்.

யாரும் இல்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் பாண்டிராஜ் புதுத் தாளைக் கொண்டுபோனார். 12.40-க்குப் போன் வந்தது.

"யம்மா... மலையம்மாள் சனிக்கிழமையே கிணத்துல விழுந்துருச்சாம். ஞாயித்துக்கிழம அடக்கம் பண்ணிட்டாக."

இந்துப்ரியா அழுதாள்.

"இன்னொண்ணும்மா. நான் ஒட்டுன தாளு அப்படியேதான் இருக்கு. கடைசிக் கட்டம் மட்டும் மேலருந்து கீழ வரைக்கும் கிழிஞ்சு போயிருக்கு. மத்ததுல ஒரு எழுத்துகூடப் போகல."

"யாராச்சும்... இரக்கப்பட்டுக் கிழிச்சிருப்பாங்கண்ணே."

பாண்டிராஜ் குரலைத் தாழ்த்தினார்.

"கண்ணாடி போட்ட போர்டும்மா அது. பூட்டுனது பூட்டுனபடி இருக்கு. சாவி வெள்ளிக்கிழமைலருந்து என் சட்டைப் பையிலதான் கிடக்கு..."